பாடிவிட்டுப் போய்ப் பார்ப்போம்: சிறு குழந்தைகளுக்குப் பாட்டின் வழியே இயற்கை

நான்கு வயதுக் குழந்தையிடம் "இயற்கையை நேசிக்க வேண்டும்" என்று சொன்னால், அது தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடும். ஏனென்றால் இயற்கை என்ற பெயரில் எந்தப் பொருளும் அதன் கண்ணில் பட்டதில்லை. அதன் கண்ணில் படுவது சுற்றுச்சுவரில் வந்து உட்காரும் காக்கை, சர்க்கரை டப்பாவை மொய்க்கும் எறும்பு, மழை விட்ட பிறகும் முருங்கைக் கிளையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் நீர். இயற்கை ரசனை என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இந்தக் காக்கையிலும் எறும்பிலும்தான் தொடங்குகிறது. அவற்றைக் குழந்தை சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். மறுநாளும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படி நிற்க வைப்பதற்கு நம்மிடம் உள்ள வழிகளில் மிக எளியது நான்கு வரிப் பாட்டு. அது எப்படி வேலை செய்கிறது, வீட்டிலும் பால்வாடியிலும் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை, கவிதை சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லாத பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தை விலக்கிவிட வேண்டும். கவிதை என்றதும் பலருக்கு யாப்பும் அணியும் மனப்பாடப் பகுதியும் நினைவுக்கு வந்து, "அதெல்லாம் எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நான் சொல்லும் எளிய கவிதைக்கு அவ்வளவு தேவையில்லை. வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்கள், கைதட்டிச் சொல்லக்கூடிய ஒரே நடை, வரிகளின் தொடக்கத்திலோ முடிவிலோ திரும்பத் திரும்ப வரும் ஓர் ஓசை, பேசுவதற்கு ஒரே ஒரு பொருள், அது செய்வதாகக் கண்ணால் கண்ட ஒரு காரியம். இவை இருந்தால் அது பாட்டு. முதல் எழுத்து ஒத்து வருவதை மோனை என்றும், இரண்டாம் எழுத்து ஒத்து வருவதை எதுகை என்றும் சொல்கிறோம். இந்தப் பெயர்கள் குழந்தைக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பாட்டு நாக்கில் ஒட்டிக்கொள்வது இவற்றால்தான் என்பது சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஒட்டிக்கொண்ட பாட்டைக் குழந்தை ஒரே நாளில் இருபது முறை சொல்லும். காலையிலிருந்து காக்கையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, காக்கை வந்து உட்காரும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்காது.

நம் குழந்தைப் பாட்டுகளில் பல, கூப்பிடுவதில் தொடங்குகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். "நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா" என்று நிலவைக் கூப்பிடுகிறோம். "காக்கா காக்கா, கண்ணுக்கு மை கொண்டு வா" என்று காக்கையைக் கூப்பிடுகிறோம். இலக்கணம் இதை விளி என்கிறது. கடவுளையோ பெரியோரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஏழாவதாக வரும் அம்புலிப் பருவம், அதாவது நிலவைப் பாடும் பகுதி, முழுவதும் இந்த விளிதான். எங்கள் குழந்தையோடு விளையாட வா என்று புலவர் நிலவை அழைக்கிறார். இடுப்பில் பிள்ளையை வைத்துச் சோறூட்டும் தாயின் பாட்டும், பெரும்புலவரின் பாட்டும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. "நிலா வானத்தில் இருக்கிறது" என்று சொல்வதற்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "நிலா, ஓடி வா" என்று கூப்பிட வேண்டுமானால் அது எங்கே என்று தேடித்தான் ஆக வேண்டும்.

பௌர்ணமி அன்று பொழுது சாயும் நேரத்தில் குழந்தையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், கிழக்கே நிலவு எழும்போது இந்தப் பாட்டைப் பாடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பாடினால் நிலவு வந்திருக்காது, ஏனென்றால் அது நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதித்தே எழுகிறது. "கூப்பிட்டும் வரவில்லையே" என்று குழந்தை கேட்கும். விடையைச் சொல்லிவிட அவசரப்பட வேண்டாம். காத்திருந்து, நிலவு தலைகாட்டியதும் மறுபடி பாடலாம். மூன்று நான்கு நாள் இப்படிக் கூப்பிட்ட குழந்தைக்கு, நிலவு நேரம் கழித்து வருவதும் ஓரம் தேய்ந்து வருவதும் அதுவே கண்டுபிடித்த செய்தியாகிவிடும்.

காக்கைப் பாட்டும் அப்படியே. பாடி முடித்ததும் வெளியே போய், வந்திருக்கும் காக்கையின் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்களில் இரண்டு வகைக் காக்கைகளைப் பார்க்கலாம். கழுத்தும் மார்பும் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது வீட்டுக் காக்கை. உடல் முழுவதும் கருப்பாகவும் அலகு தடித்தும் இருப்பது அண்டங்காக்கை. "காக்கா கருப்பு" என்று சொல்லியே வளர்ந்துவிட்ட பெரியவர்கள் பலர் அந்தச் சாம்பல் கழுத்தை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

நல்ல குழந்தைப் பாட்டு எப்படிப் பார்க்கக் கற்றுத்தருகிறது என்பதற்கு, நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த ஒரு பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) எழுதிய பசுவும் கன்றும் பாட்டு அது.

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி

பசு அழகானது என்று பாட்டு முழுவதிலும் ஒரு சொல் இல்லை. பசு பால் தருகிறது, ஆகவே அதனிடம் நன்றியோடு இருக்க வேண்டும் என்றும் இல்லை. இருப்பவை வினைச்சொற்கள்: மேயுது, குதிக்குது, ஓடுது, நக்குது, குடிக்குது. ஒரு வரி பசுவுக்கு, அடுத்த வரி கன்றுக்கு என்று மாறி மாறி வருவதால், கேட்கும் குழந்தையின் மனமும் தாய்க்கும் கன்றுக்கும் இடையே போய்ப் போய் வருகிறது. கடைசியில் கன்று "மடி முட்டிக் குடிக்குது" என்கிறார். மாடு வளர்த்தவர்களுக்கு இந்த முட்டலின் பொருள் தெரியும். கன்று மடியை இடிக்க இடிக்கத்தான் பால் நன்றாக இறங்கும். தொழுவத்தில் நின்று பார்த்தவருக்கே வரக்கூடிய சொல் அது. மாட்டையே பார்க்காத பட்டணத்துக் குழந்தையிடம்கூட அந்த ஒரு சொல் கேள்விகளை எழுப்பும். எதற்காக முட்டுகிறது? அம்மாவுக்கு வலிக்காதா? அந்தக் கேள்வி வந்த அன்றே பக்கத்தில் எங்காவது ஒரு கன்றைத் தேடிப் போய்க் காட்டிவிட வேண்டும் என்பேன். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவானாலும் தகும்.

ஒரு வினைச்சொல்லுக்குள் இவ்வளவு இருக்கும்போது, மரபுச் சொற்கள் என்று நாம் பள்ளியில் படித்தவை தேர்வுக்கான பட்டியலாகச் சுருங்கிப்போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும் என்பவை, பல தலைமுறை மக்கள் தோப்பிலும் காட்டிலும் காதுகொடுத்துக் கேட்டுப் பிரித்து வைத்த ஓசைகள். விலங்கு, பறவை, மரம் இவற்றின் இளமைக்கு மட்டும் தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைத் தருகிறது; அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று நாம் இன்றும் சொல்வது அந்த வழியில் வந்ததே. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பையைக் குழந்தையின் கையில் கொடுத்து, அந்தப் பெயரையும் வாயில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை தென்னையைக் கடக்கும்போது அதன் கண் தரையில் ஒருமுறை, பாளையில் ஒருமுறை என்று தேடும். பெயர் தெரிந்த பொருள்தான் கண்ணில் படுகிறது. ஆகவே பாட்டில் "பறவை" என்று எழுத வேண்டிய இடத்தில் மைனா என்றோ தேன்சிட்டு என்றோ எழுதுங்கள். "பூ" என்பதைவிடப் பூசணிப்பூ நல்லது.

ஓசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அதில் குழந்தைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். சலசல, சடசட, மளமள, மினுமினு போன்ற இரட்டைக்கிளவிகள் தமிழில் ஏராளம். மழை பெய்யும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தகரக் கூரையில் விழும் மழை என்ன சொல்கிறது, வாழை இலையில் விழுவது என்ன சொல்கிறது, தேங்கிய நீரில் விழுவது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தகரத்துக்குச் சடசட என்று நீங்கள் சொன்னால், இல்லை, தடதட என்று குழந்தை மறுக்கலாம். அந்த மறுப்பு மிக நல்ல அறிகுறி. அது உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

மழையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்ந்ததும் நம் குழந்தைகள் கற்றுக்கொள்ளும் மழைப்பாட்டு, மழையைப் போ போ என்று விரட்டுகிறது. ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் நாட்டில், வெளியே விளையாட முடியாத பிள்ளைகள் அப்படிப் பாடியது இயல்பே. நம் நாட்டுப்புறப் பாட்டோ "மழை வருது மழை வருது, நெல்லை அள்ளுங்க" என்று களத்தில் காயும் நெல்லுக்கு ஓடுகிறது, அடுத்த வரியில் முக்காப்படி அரிசி எடுத்து முறுக்குச் சுடச் சொல்கிறது. மழை வந்தால் ஒரு வீடு எப்படி இயங்கும் என்பதை அப்படியே காட்டும் பாட்டு அது. குழந்தை எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் பாட்டுதான் அது வெளியே போய்ப் பார்ப்பதற்கு உதவும். யாழ்ப்பாணத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) குழந்தைகளுக்காகக் கத்தரித் தோட்டத்து வெருளியை, அதாவது பறவைகளை விரட்ட நிறுத்தும் பொம்மையை, பாடியது, அங்குள்ள பிள்ளைகள் வேலிக்கு அப்பால் அந்த வெருளியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்ததால்தான். கடற்கரை ஊரில் நண்டும் வலையும், மலையூரில் அட்டையும் பனிமூட்டமும் பாட்டுக்கு வர வேண்டும். பனிக்கட்டியில் சறுக்கும் பாட்டைத் தூத்துக்குடிக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பாடிவிட்டுப் போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இனி உவமைக்கு வருவோம். இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் குழந்தையின் கண்ணைக் கூர்மையாக்குவதில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் அனுபவம். சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற பாடல், செங்கால் நாரையைக் கூப்பிட்டு, அதன் வாயைப் "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்" என்கிறது. பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு கடைக்கு வரும்போது இதைச் செய்து பார்க்கலாம். அவித்த கிழங்கைத் தோல் உரித்து, நுனியிலிருந்து நெடுக்காகப் பிளந்து, நடுவில் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் அடிப்பக்கம் சேர்த்துப் பிடித்து நுனியைத் திறந்து மூடிக் காட்டுங்கள். நீண்டு, நேராக, நுனி கூர்ந்து, அது பறவையின் அலகேதான். "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகே ஏரிக்கரைக்குப் போய் நாரையையோ கொக்கையோ காட்டுங்கள். சங்கப்பாட்டில் கபிலர் குருகு என்னும் நீர்ப்பறவையின் காலைத் "தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால்" என்றார். தினை விளையும் நிலத்தில் நின்று, தினைத்தாளையே உவமையாக எடுத்தார். குழந்தையும் அப்படித்தான் செய்யும். அதன் உலகத்தில் இட்லியும் பென்சிலும் அப்பாவின் பைக்கும் இருக்கின்றன. மரவட்டையைப் பார்த்து "ரயில்" என்று சொல்லும் குழந்தையைத் திருத்தாதீர்கள். அது மரவட்டையின் கால்கள் அலை அலையாக நகர்வதைப் பார்த்துவிட்டது.

பாட்டுக் கட்டுவதை எப்படித் தொடங்குவது என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஐந்து வயதான என் அக்கா மகளும் நானும் ஒரு காலை நேரம் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வேப்பமரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கி, தத்தித் தத்திச் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் பாட்டு எதுவும் சொல்லவில்லை. அவை என்ன செய்கின்றன என்று மட்டும் கேட்டேன். "குப்பையைத் திருப்பிப் போடுது சித்தி" என்றாள். எதற்கு என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கீழே என்ன இருக்குன்னு பாக்குது. ஒண்ணும் இல்லேன்னா அடுத்த இலைக்குப் போவுது" என்றாள். நான் சொல்லியிருந்தால் "இரை தேடுகின்றன" என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பேன். அவள் சொன்னது அதைவிடச் சரியானது. அவள் சொற்களையே எடுத்து, கைதட்டி இப்படிச் சொன்னேன்:

தத்தித் தத்தி வருது
தவிட்டுக் குருவி வருது
இலையைத் திருப்பிப் போடுது
இன்னோர் இலையைத் தேடுது

இதில் என் பங்கு மிகக் குறைவு. தத்தி, தவிட்டு என்றும், இலையை, இன்னோர் என்றும் வரித் தொடக்கங்களை ஒத்து வைத்தேன். போடுது, தேடுது என்று முடித்தேன். மூன்றாவது வரி முழுவதும் அவளுடையது. தவிட்டுக்குருவிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவள் கேட்டதும், மாட்டுக்கு வைக்கும் தவிட்டில் ஒரு பிடி அள்ளி வந்து உள்ளங்கையில் காட்டினேன். பெயரே ஓர் உவமை என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆக, வரிசை எப்போதும் இதுதான்: முதலில் பார்ப்பது, பிறகு குழந்தையைப் பேசவிடுவது, அதன் சொற்களை நடைக்குள் கொண்டுவருவது, மறுபடி போய்ப் பார்ப்பது. ஏற்கெனவே உள்ள பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போதும் கடைசிப் படியை விடக்கூடாது. பார்வை இல்லாமல் பாட்டை மட்டும் கையசைத்து ஒப்பிக்க வைத்தால், குழந்தை கற்பது ஒப்பித்தலை மட்டுமே. நேரமும் அதிகம் வேண்டாம். பத்து நிமிடம் போதும், ஆனால் அதே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வெளியில் தொட்டி வைக்கவும் இடமில்லாத அடுக்குமாடி வீடாக இருந்தால், ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் புறாவும், சமையலறைச் சுவரில் வரிசையாகப் போகும் எறும்பும் போதும்.

பெரியவர்கள் செய்யும் ஒரு தவறைப் பற்றி இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எறும்பைப் பற்றி நான்கு வரி பாடிவிட்டு, ஐந்தாவது வரியில் "நாமும் அதுபோல் உழைப்போமே" என்று சேர்க்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அந்த வரி வந்த உடனே எறும்பு பாட்டிலிருந்து வெளியேறிவிடுகிறது. எறும்பு வந்ததே குழந்தைக்குப் புத்தி சொல்லத்தான் என்றாகிவிடுகிறது. அதன்பின் அந்தக் குழந்தை எறும்பைப் பார்க்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது? பாப்பாவுக்குப் பல அறிவுரைகளைச் சொன்ன பாரதியே, பறவைகள் வரும் இடத்தில் "வண்ணப் பறவைகளைக் கண்டு – நீ மனதில் மகிழ்ச்சி கொள்ளு பாப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பார், மகிழ் என்பதற்கு மேல் அவர் அங்கே எதையும் கேட்கவில்லை. மரம் வெட்டக் கூடாது, நெகிழிப் பையை எறியக் கூடாது என்பவை குழந்தை கட்டாயம் அறிய வேண்டியவையே. அவற்றைப் பேச்சிலும் நம் நடத்தையிலும் சொல்லுவோம். பாட்டு முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டுகிறேன். கேட்கத்தான் வேண்டுமென்றால், "இன்று அது என்ன செய்தது?" என்று கேட்கலாம்.

பாட்டில் வரும் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். குயில் கூவுவதைப் பாடும்போது பலர் பெண்குயில் கூவுவதாக எழுதிவிடுகிறார்கள். நாம் கேட்டு மயங்கும் அந்தக் கூவல், கருநிற உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண்குயிலுடையது. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதன் குரலும் வேறு. ஓசைக்காக உண்மையை மாற்றினால், குழந்தை வெளியே போய்ப் பார்க்கும்போது பாட்டும் பறவையும் ஒத்துப்போகாது. அப்போது அது நம்புவது பாட்டையா பறவையையா என்பது நாம் வளர்த்த விதத்தைப் பொறுத்தது.

என் அக்கா மகள் அந்தச் சோதனையில் என்னைத் திருத்திவிட்டாள். தவிட்டுக்குருவிப் பாட்டுக்குப் பிறகு, காக்கைக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால், "கருப்புக் காக்கா வருது, கரண்டுக் கம்பியில் அமருது" என்று அவசரமாக ஒன்று கட்டிக்கொடுத்தேன். இரண்டு நாள் பாடினாள். மூன்றாம் நாள் சோற்றுப் பருக்கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, "கழுத்து கருப்பு இல்ல சித்தி" என்றாள். இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு இரண்டு விதமாகப் பாடப்படுகிறது. கம்பியில் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தால் பழைய வரி, மற்ற நாட்களில், "சாம்பல் கழுத்துக் காக்கா வருது."